காலி நாற்காலிக்கு ஒரு தலை

நீலச் சதுரத்துக்குள் வெள்ளைக் கோடுகளில் ஒரு சக்கர நாற்காலி. மருத்துவமனை வாசல், விமான நிலையக் கழிப்பறைக் கதவு, ரயில் பெட்டி, வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத் தரை என்று எங்கும் இருப்பதாலேயே யாரும் நின்று பார்க்காத படம் அது. பெரிய விளம்பர நிறுவனம் எதுவும் அதை வரையவில்லை. 1968 கோடையில் ஸ்டாக்ஹோமில் கூடிய மாணவர் பட்டறை ஒன்றில், டென்மார்க்கைச் சேர்ந்த சூசன்னே கோஃபோட் என்ற வடிவமைப்பு மாணவி வரைந்தார். அவர் வரைந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அதில் ஆளை உட்காரவைத்தவர் வேறொருவர். அவர் வடிவமைப்புத் தொழிலில் இருந்தவர்கூட இல்லை.

உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளுக்கு மாணவர்கள் சின்னமும் நிறமும் எழுத்துருவும் வடிவமைத்துத் தருவது இன்று டிசைன் கல்லூரிகளில் வழக்கமான பாடம். அந்த வழக்கத்தைப் பற்றி யோசிப்பவர்கள் இந்த நாற்காலியின் கதையை ஒருமுறையாவது முழுதாகக் கேட்க வேண்டும். வரைந்தவர் யார் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் இல்லை. அந்தப் படத்தில் கைவைக்க யாருக்கெல்லாம் இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில்தான் கதையே நடக்கிறது.

1968 மாணவர்கள் தெருவுக்கு வந்த ஆண்டு. மே மாத நடுவில் பாரிஸின் நுண்கலைக் கல்லூரியான எகோல் தெ போஸாரைக் கைப்பற்றியிருந்த மாணவர்கள் அங்கே அத்தெலியே பொப்யுலேர் என்ற பெயரில் ஒரு மக்கள் பட்டறையைத் தொடங்கினார்கள். முதல் போஸ்டர் கல்லச்சில் வந்தது. முப்பது பிரதிகள் எடுப்பதற்குள் கை ஓய்ந்தது. ஒரு நாட்டின் வேலைநிறுத்தத்துக்கு முப்பது பிரதி எந்த மூலைக்கு? உடனே ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கு மாறினார்கள். ஒற்றை நிறம், தடித்த கோடு, மலிவுத் தாள். ஜூன் 27ஆம் தேதி போலீஸ் வந்து காலி செய்யும்வரை, ஆறு வாரத்தில் நூற்றுக்கணக்கான போஸ்டர்கள் அங்கிருந்து சுவர்களுக்குப் போயின. எதிலும் வரைந்தவர் பெயர் கிடையாது.

அந்தப் பட்டறையின் போஸ்டர்கள் இன்று புத்தகங்களாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைவிடக் கவனிக்க வேண்டியது அவை தேர்வான விதம். அன்றாடம் பொதுக்கூட்டம் கூடும். வரைபடங்களைச் சுவரில் மாட்டிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: சொல்ல வரும் அரசியல் சரிதானா? இந்தப் படம் அதை ஒழுங்காகச் சொல்கிறதா? வேலைநிறுத்தத்தில் இருந்த ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் ஆலைக்கு என்ன வேண்டும் என்று சொல்ல நேரில் வந்தார்கள். வரைந்தவனின் நண்பர்கள் கைதட்டி ஒரு படத்தைத் தேற்றிவிட முடியாது. எந்த ஆலை வாசலில் அது ஒட்டப்படுமோ, அந்த ஆலைக்காரரின் கண்ணிலும் அது தேற வேண்டும்.

பாரிஸ் அளவுக்குச் சத்தம் இல்லாமல், வட ஐரோப்பாவிலும் அதே ஆண்டு வடிவமைப்பு மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி வைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியும் விளக்கும் கண்ணாடிக் குவளையும் உலகுக்கே அழகாகச் செய்துகாட்டிய ஸ்காண்டிநேவிய வடிவமைப்பு, குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உடல் குறையோடு வாழ்பவர்களுக்கும் என்ன செய்திருக்கிறது? இந்தக் கேள்வியோடு நான்கைந்து நாட்டு மாணவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பாகி, கோடை விடுமுறைகளில் கருத்தரங்குகள் நடத்தினார்கள். ஹெல்சிங்கியை ஒட்டிய சுவோமென்லின்னா தீவில் நடந்த கூட்டத்துக்கு பக்மின்ஸ்டர் ஃபுல்லரும் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் விக்டர் பாபனெக்கும் வந்தார்கள். அங்கே பாபனெக்கோடு சேர்ந்து மாணவர்கள் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு விளையாட்டுக் கூடத்தைச் செய்தார்கள். தூக்கிப்போகக்கூடிய பெரிய கனசதுரம் அது. பிற்பாடு உலகெங்கும் வடிவமைப்பு மாணவர்களின் கையேடாகிப்போன பாபனெக்கின் நூல் முதலில் ஆங்கிலத்தில் வரவில்லை. 1970இல் சுவீடிஷ் மொழியில்தான் வந்தது, ஆங்கிலப் பதிப்பு அடுத்த ஆண்டு. அவருடைய சிந்தனைக்குக் காதுகொடுத்த முதல் பெரிய கூட்டம் இந்த மாணவர்கள்தாம்.

ஸ்டாக்ஹோமின் கொன்ஸ்ட்ஃபாக் கல்லூரியில் நடந்த கருத்தரங்கில் கோஃபோட் தன் சின்னத்தை வரைந்தார். ஜூலையில், கருத்தரங்கின் முடிவில் வைத்த கண்காட்சியில் அது இருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்த ஒரு சக்கர நாற்காலி. முதுகுச் சாய்மானம் ஒரு நேர்கோடு, இருக்கை அதிலிருந்து கிடைமட்டமாக ஒன்று, கால் வைக்கும் இடத்துக்கு இறங்கும் மடிப்பு ஒன்று, கீழே சக்கரத்தின் வளைவு. எல்லாக் கோடும் ஒரே தடிமன். எதையும் நீக்க முடியாத அளவுக்குச் சுருக்கியிருந்தார். பட்டறையில் ஆசிரியர்கள் மெச்சும் சுருக்கம் அது.

அந்தச் சமயத்தில் இப்படியொரு சின்னத்தைத் தேடிக்கொண்டிருந்த அமைப்பு ஒன்று இருந்தது. 1922இல் தொடங்கப்பட்டு, இன்று ரீஹாபிலிடேஷன் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கும் தன்னார்வச் சம்மேளனம் அது. பல நாட்டு மறுவாழ்வு நிறுவனங்களின் கூட்டமைப்பு. சாய்தளம் இருக்கும் கட்டடம் எது, நாற்காலியோடு நுழையக்கூடிய கழிப்பறை எது என்று காட்ட அப்போது நாட்டுக்கு நாடு வெவ்வேறு படங்கள் இருந்தன. ஊர் விட்டு ஊர் போகிறவருக்கு அவை உதவவில்லை. ஒரே சின்னத்தைத் தேர்ந்து 1969இல் டப்ளினில் கூடும் உலக மாநாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, சுவீடனின் ஊனமுற்றோர் நிறுவனத்தின் இயக்குநர் கார்ல் மோன்டானிடம் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அவர் குழுவுக்கு வைத்த நிபந்தனைகள் இன்று எந்த டிசைன் வகுப்பிலும் கரும்பலகையில் எழுதத் தகுந்தவை: ஓரளவு தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும், பார்த்ததும் பொருள் புரிய வேண்டும், எளிமையாக இருக்க வேண்டும், நடைமுறைக்கு ஒத்துவர வேண்டும், ஏற்கெனவே உள்ள பலகைகளோடு குழம்பக் கூடாது.

கோஃபோட்டின் படம் குழுவுக்குப் பிடித்தது. ஆனால் ஒரு சிக்கல். எல்லாக் கோடும் ஒரே தடிமனாக இருந்ததால் தூரத்திலிருந்து பார்க்க, இரண்டு மூன்று எழுத்துகளைப் பின்னிய முத்திரைபோலத் தெரிந்தது. ஏதோ கம்பெனியின் பெயரெழுத்து என்று நினைக்க வாய்ப்பு உண்டு. மோன்டான் செய்தது ஒன்றே ஒன்று. சாய்மானக் கோட்டின் உச்சியில் ஒரு வட்டம் வைத்தார்.

அந்த ஒரு வட்டம் படத்தில் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வட்டம் வந்ததும் அது தலையாகிறது. தலை வந்ததும் அதற்குக் கீழே இருந்த சாய்மானம் முதுகாகிறது. இருக்கை தொடையாகிறது. கால் பலகைக்கு இறங்கிய மடிப்பு முழங்காலும் பாதமும் ஆகிறது. கோஃபோட் வரைந்த கோடு ஒன்றுகூட நகரவில்லை. ஆனால் நாற்காலி இருந்த இடத்தில் மனிதர் வந்துவிட்டார். அதே சமயம் நாற்காலியும் மனிதரும் ஒரே கோடாகிப்போனார்கள். எங்கே மரச்சட்டமும் இரும்பும் முடிகிறது, எங்கே உடம்பு தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நேர்க்கோணத்தில் விறைத்த முதுகு, யாரோ வந்து தள்ளும்வரை காத்திருக்கும் தோரணை. டப்ளினில் ஏற்கப்பட்டு உலகெங்கும் போனது இந்தப் படம்.

மோன்டானைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நல்ல கண் அவருக்கு. மாணவி ஒருவரின் படத்தை மதித்து, குறைந்தபட்சத் திருத்தத்தோடு சர்வதேச மேடைக்குக் கொண்டுபோனவர் அவர். ஆனால் அந்த மேடையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது பத்தாண்டு கழித்து வெளியே வந்தது. 1980இல் கனடாவின் வின்னிபெக் நகரில் இதே சம்மேளனத்தின் உலக மாநாடு. மருத்துவர்களும் மறுவாழ்வு வல்லுநர்களும் நிர்வாகிகளும் நடத்திவந்த அமைப்பு அது. தங்களுக்காகப் பேசும் அமைப்பில் தங்களுக்குச் சமமான இடம் வேண்டும் என்று மாநாட்டுக்கு வந்திருந்த ஊனமுற்றோர் கேட்டார்கள். தீர்மானம் தோற்றது. அவர்கள் தனியே கூடினார்கள். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் ஊனமுற்றோரே நடத்தும் உலக அமைப்பு பிறந்தது. நாற்காலியில் இருப்பவரின் படம் பதினோரு ஆண்டுகளாக உலகச் சுவர்களில் இருந்தது. அவர்களை வைத்து நடந்த அமைப்பில் அவர்களுக்குப் பாதி இடம்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. சின்னம் பரவிய வேகத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த திருத்தம் வர நாற்பது ஆண்டுகளாயின. அதுவும் கல்லூரிப் பக்கமிருந்துதான். அமெரிக்காவில் ஹார்வர்டின் வடிவமைப்புப் பள்ளியில் பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த சாரா ஹென்ட்ரன், தன் வலைப்பக்கத்தில் ஊர் ஊராக வேறுபடும் சக்கர நாற்காலிச் சின்னங்களைச் சேகரித்து எழுதிவந்தார். மாசசூசெட்ஸின் கார்டன் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பிரையன் க்ளென்னிக்குக் கிராஃபிட்டியில் பழக்கம் உண்டு. இருவரும் சேர்ந்து 2010 வாக்கில் ஒரு ஸ்டிக்கர் செய்தார்கள். பழைய பலகையைக் கழற்றவோ மறைக்கவோ இல்லை. கண்ணாடிபோல் ஊடே தெரியும் ஸ்டிக்கரில், முன்னே சாய்ந்து தானே சக்கரத்தைத் தள்ளும் ஓர் உருவம். பழைய படத்தின்மேல் ஒட்டினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்: விறைத்து உட்கார்ந்தவரும் கிளம்பிவிட்டவரும். ஹார்வர்டு வளாகத்தின் பலகைகளில் ஒட்டினார்கள். அனுமதி கேட்கவில்லை.

தெருவில் ஒட்டிய ஸ்டிக்கரை அரசாங்கப் பலகையாக்குவது வேறு வேலை. கார்டன் கல்லூரியில் வடிவமைப்பு கற்பித்த டிம் ஃபெர்குசன் சாடர் அதைச் செய்தார். இன்று புழங்கும் உருவத்தின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தலை உடம்புக்கு முன்னே போகிறது. ஓட்டுபவர் அவரே என்பதற்காக. கை பின்னே வளைந்து சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. சக்கரத்தில் இரண்டு இடத்தில் வெள்ளை இடைவெளி விட்டிருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அது சுழற்சி. தகரத்தில் ஸ்டென்சில் வெட்டுகிறவருக்கு அது அவசியம், அந்த இடைவெளி இல்லாவிட்டால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். காலைச் சக்கரத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்திருக்கிறார்கள், தரையில் பெயின்ட் அடிக்கும்போது இரண்டும் ஒட்டி அழுந்தாமல் இருக்க. கைகால்களின் தடிமன் பிற சர்வதேசப் பலகைகளில் உள்ள மனித உருவங்களோடு ஒத்துப்போகிறது. கணினித் திரையில் அழகு பார்த்து நிறுத்திக்கொண்டவர்களுக்கு ஸ்டென்சிலின் நடுத்துண்டு கண்ணில் பட்டிருக்காது. பாஸ்டனை ஒட்டிய மால்டன் ஊரில் ட்ரையாங்கிள் என்ற தன்னார்வ அமைப்பு இருக்கிறது. ஊனமுற்றோருக்கு வேலைப் பயிற்சி தருவது அதன் பணி. அந்த அமைப்போடு சேர்ந்து, வண்டி நிறுத்துமிடங்களில் ஸ்டென்சிலை விரித்துப் பெயின்ட் அடித்தார்கள். பழைய படத்தை அழித்துப் புதியதை வரைந்த கைகளில் அந்தப் படம் யாரைக் குறிக்கிறதோ அவர்களின் கைகளும் இருந்தன. 1969இல் விட்டுப்போனது இதுதான்.

2014இல் நியூயார்க் மாநிலம் புதிய பலகைகளில் இந்த உருவத்தையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு கனெக்டிகட்டும் சேர்ந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. உருவத்துக்குக் காப்புரிமை கிடையாது. யாரும் இறக்கி வெட்டிக்கொள்ளலாம்.

இங்கே கதை சுபமாக முடிந்திருந்தால் எழுத அதிகம் இருந்திருக்காது. எதிர்ப்பு வந்தது. முக்கியமான எதிர்ப்பு ஊனமுற்றோரிடமிருந்தே வந்தது. கையால் சக்கரத்தைத் தள்ள முடியாதவர்கள் உண்டு. மோட்டார் நாற்காலியைத் தாடையாலும் மூச்சாலும் இயக்குபவர்கள் உண்டு. பந்தயத்தில் பாய்வதுபோன்ற இந்த உருவம் அவர்களை எங்கே வைக்கிறது? சுறுசுறுப்பாகத் தெரிந்தால்தான் மரியாதையா? பழைய உருவத்தில் ஆள் தெரியவில்லை என்றால் போகட்டும், அது இடத்தைக் காட்டும் குறிதானே, மனித சுபாவத்தின் உருவப்படமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கண் தெரியாதவர்களும் காது கேளாதவர்களும் வெளியே தெரியாத நோயோடு வாழ்பவர்களும், எந்த நாற்காலியும் தங்களைக் காட்டாது என்றார்கள். அமெரிக்க மத்திய அரசின் அணுகல் வாரியம், தன் விதிகள் கேட்பது பழைய சின்னத்தையே என்று 2017இல் விளக்கம் வெளியிட்டது. சர்வதேசத் தரநிலையிலும் பழைய உருவமே நீடிக்கிறது.

இந்த எதிர்ப்புகள் சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்வது எளிதில்லை. கையால் தள்ள முடியாதவரின் கேள்விக்கு ஹென்ட்ரன் தரப்பிடம் முழுப் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் 1969இல் எழாத வாதம் 2014இல் எழுந்தது என்பதே பெரிய மாற்றம். ஒரு படத்தை முன்வைத்து, தங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களே தங்களுக்குள் வாதாடினார்கள். ஹென்ட்ரனின் ஸ்டிக்கர் செய்த மிகப் பெரிய காரியம் இந்த வாதத்தைத் தொடங்கிவைத்தது. ஊடே பார்க்க முடிந்த முதல் ஸ்டிக்கர் பின்னால் வந்த திருத்தமான பலகையைவிட நேர்மையான வடிவமைப்பு என்றுகூடச் சொல்லலாம். அது விடையை அறிவிக்காமல் இரண்டையும் காட்டியது.

பொது நோக்கத்துக்கான சின்னம் ஒருமுறை வெளியே போய்விட்டால் வரைந்தவருக்கும் அது கட்டுப்படாது. ஜெரால்ட் ஹோல்டம் 1958இல் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்கு வரைந்த அமைதிச் சின்னம், லண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்தவர்களின் கையில் குச்சி அட்டைகளாகப் போய், பிறகு உலகமெங்கும் போனது. கைகளைத் தாழ்த்திய அந்த உருவம் விரக்தியைக் காட்டுகிறது, தலைகீழாக்கிக் கைகள் மேலே உயர்ந்தபடி வைத்திருக்கலாம் என்று அவரே பின்னாளில் விரும்பினார். அந்த விருப்பத்தை யாரும் ஏற்கவில்லை. அது ஊர்வலத்துக்காரர்களுடையதாகிவிட்டிருந்தது.

யாருக்கும் சொந்தமில்லாமல் போவதில் ஆபத்தும் உண்டு. அதற்கு உதாரணம் இன்னொரு மாணவரின் படம். முதல் பூமி நாள் கொண்டாடப்பட்ட 1970இல், சிகாகோவின் கன்டெய்னர் கார்ப்பரேஷன் என்ற அட்டைப்பெட்டி நிறுவனம் மறுசுழற்சித் தாளுக்கு ஒரு சின்னம் கேட்டு மாணவர்களுக்குப் போட்டி வைத்தது. 500க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த 23 வயது கேரி ஆண்டர்சன் வென்றார். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள். மோபியஸ் பட்டையின் முறுக்கிலிருந்து எடுத்த யோசனை. பல ஆண்டு கழித்து ஆம்ஸ்டர்டாமில் விமானத்திலிருந்து இறங்கியவர், மறுசுழற்சித் தொட்டி ஒன்றில் தன் படம் பெரிதாக இருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படம் பொதுச்சொத்தானது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் அந்த அம்புகளுக்கு நடுவே ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு, பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டப் பயன்படுத்தியது. எண் சொன்னது எந்தப் பிசின் என்பதை மட்டும். வாங்கியவர் அதைப் படித்தது, இது மறுசுழற்சி ஆகும் என்று. ஆகாத பண்டங்களிலும் அம்புகள் இருந்தன. 2013இல் அந்தத் தரநிலையில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் போட்டார்கள். மறுசுழற்சி ஆகாத பொருளில் அம்புகளைப் போடுவதற்கு எதிராக 2021இல் கலிஃபோர்னியா சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆண்டர்சனின் கோட்டில் பிசகு எதுவும் இல்லை. அந்த அம்புகள் கொடுத்த வாக்கைக் காக்க ஓர் இயக்கம் அவற்றின் பின்னால் இல்லை. ஒரு நிறுவனத்தின் போட்டி, ஒரு நடுவர் குழு, ஒரு பரிசு. அதோடு உறவு முடிந்தது. உரிமை அமைப்புகளும் இன்று சின்னத்துக்குப் போட்டி அறிவிக்கின்றன. உறுப்பினர் ஒருவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நூறு மாணவர்கள் வரைகிறார்கள், ஒன்று தேர்வாகிறது, மீதி வீணாகிறது. இதைவிட, ஐந்து பேர் போய் ஒரு மாதம் அமைப்பின் அலுவலகத்தில் உட்கார்ந்து வருவது இரு தரப்புக்கும் நல்லது.

போனால் என்ன தெரியும்? முதலில் ரசீதுப் புத்தகம் தெரியும். பெரும்பாலான சிறு அமைப்புகளின் அடையாளம் வாழ்வது ரப்பர் ஸ்டாம்பிலும் ஜெராக்ஸ் எடுத்த மனுவிலும் ஃப்ளெக்ஸ் பேனரிலும் வாட்ஸ்அப்பின் சிறு வட்டத்திலும். நான்கு நிறம் ஒன்றில் ஒன்று கரையும் சின்னம் ஸ்டாம்பில் வெறும் மசிக்கறை. தலைமயிர் கனமுள்ள கோடு, ஜெராக்ஸின் மூன்றாம் பிரதியில் காணாமல் போகும். மாணவர்கள் பருவ முடிவில் தருவது அறுபது பக்கப் பிடிஎஃப் ஒன்றும், இல்லஸ்ட்ரேட்டர் கோப்புகள் அடங்கிய டிரைவ் ஒன்றும். அலுவலகத்தில் இருப்பது ஒரு பழைய கணினியும், மனுவை வேர்டில் தட்டச்சும் ஒருவரும். கோப்பு திறப்பதில்லை. இரண்டு மாதத்தில் யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை இழுத்துப் பெரிதாக்கி பேனரில் போடுகிறார்.

தமிழில் இந்த வேலையைச் செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயரை முதலில் அமைத்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் தமிழைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. ஆங்கில எழுத்துக்கு அளந்த வரி இடைவெளியில் ‘கீ’யின் மேல் கொம்பும் ‘கூ’வின் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும். அமைப்பின் கூட்டத்துக்கு வருகிறவர்கள் படிப்பது தமிழை. தமிழ் எழுத்தின் உயரத்தையும் இறக்கத்தையும் வைத்துத் தொடங்கி, ஆங்கிலத்தை அதற்கு இசைய வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கட்டமரான், முக்த மலர், பலூ தம்பி போல இரு எழுத்தும் சேர்ந்த எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் எழுத்துருவைச் சிறு அமைப்பின் தலையில் கட்டத் தேவையில்லை.

சின்னத்தின் வாக்கைப் பற்றிச் சொன்னதைச் சென்னையிலேயே பார்க்கலாம். புறநகர் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கோஃபோட்டின் நாற்காலி இருக்கிறது. பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இடைவெளியும் உயர வேறுபாடும் இருக்கின்றன. மெரினாவில் கடலோரம்வரை சக்கர நாற்காலி போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். தாழ்தளப் பேருந்துகள் 2024இல் மீண்டும் ஓடத் தொடங்கியதற்குப் பின்னால் மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றத்தில் நடத்திய நெடிய வழக்கு இருக்கிறது. பலகையில் உள்ள படத்தை மெய்யாக்கியவர்கள் வழக்கு நடத்தியவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு அடையாளம் வடிவமைக்கப் போகும் மாணவர், அந்த வழக்கின் கதையைக் கேட்காமல் நிறம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

1963 இறுதியில் லண்டனில் கென் கார்லண்ட் எழுதி, அடுத்த ஜனவரியில் அச்சிட்ட அறிக்கை வடிவமைப்பு வரலாற்றில் புகழ்பெற்றது. பூனைத் தீனிக்கும் பற்பசைக்கும் செலவாகும் திறமையை நல்ல காரியங்களுக்குத் திருப்பச் சொன்ன அறிக்கை. அதில் கையெழுத்திட்டவர்கள் தங்களை வடிவமைப்பாளர்கள், புகைப்படக்காரர்கள், மாணவர்கள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். கார்லண்ட் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்கும் போஸ்டர் செய்தவர். மாணவர்களிடம் அந்த ஈரம் இன்றும் குறையவில்லை. எந்தக் கல்லூரியில் கேட்டாலும் சோப்புக் கம்பெனியைவிட உரிமை அமைப்புக்கு வேலை செய்யத்தான் அதிகக் கைகள் உயரும். பாடத்திட்டம்தான் அந்த ஆர்வத்தைப் பதினைந்து வாரத்தில் கத்தரித்து, இறுதி மதிப்பீட்டில் மூன்று பேராசிரியர்களின் முன் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

அந்த இறுதி நாளை மாற்றுவதற்குப் பெரிய செலவு ஆகாது. மதிப்பீட்டுக் குழுவில் பாதிப் பேர் அமைப்பின் உறுப்பினர்களாக இருக்கலாம். பாரிஸ் மாணவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளை அவர்கள் கேட்கட்டும். திரையில் காட்டும் மாதிரிகளோடு ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு ஜெராக்ஸும் வெட்டிப் பார்த்த ஒரு ஸ்டென்சிலும் மேசைக்கு வரட்டும். வேர்டில் திறக்கும் கடிதத்தாள் ஒன்றை, அலுவலகத்தில் தட்டச்சும் அதே ஆளை உட்காரவைத்துத் திறக்கச் சொல்லலாம். ஓராண்டு கழித்து அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே அமைப்புக்குப் போய், எது புழங்குகிறது, எதை அவர்களே மாற்றிக்கொண்டார்கள் என்று பார்த்து எழுதி வரட்டும். அவர்கள் மாற்றியதில் சில இடங்களில் தலை வைத்திருப்பார்கள், சில இடங்களில் எடுத்திருப்பார்கள். அந்த அறிக்கையை முந்தைய ஆண்டு மாணவர்களின் மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.